தாத்தாவின் பெயருக்குப் பின்னால்

மருத்துவமனையின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு சிறிய அறை. மேசைமேல் இரண்டு அடையாள அட்டை நகல்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று என் அப்பாவின் ஐசி, மற்றது என் சித்தப்பாவின் ஐசி. சிறுநீரக மாற்றுப் பிரிவில் தாள்களைச் சரிபார்க்கும் மலாய்த் தாதி, பேனா முனையால் ஒன்றைத் தொட்டார், பிறகு மற்றதைத் தொட்டார்.

"இவங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்கன்னு சொல்றீங்க. ஆனா அப்பா பேரு ஒண்ணா இல்லையே" என்று மலாயில் கேட்டார்.

தாத்தாவின் பெயர் இரண்டு அட்டைகளிலும் இருந்தது. சித்தப்பாவின் அட்டையில் அது அதோடு நின்றுவிட்டது. அப்பாவின் அட்டையில் அதற்குப் பின்னால் 'பிள்ளை' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது.

"அது பட்டம்" என்றேன்.

"சுல்தான் குடுக்கிற டத்தோ மாதிரியா? யார் கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கல. சாதியோட வர்றது."

"அப்போ அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு ஏன் வரல?"

அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகள் குனிந்து தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க வந்தவள் அவள். ரத்தம் பொருந்திவிட்டது, திசுவும் பொருந்திவிட்டது. அவள் எங்களுக்குச் சொந்தம் என்பதற்கு மட்டும் தாள் இல்லை. விலைக்கு வாங்கிய உறுப்பு என்று ஒருவரும் சந்தேகப்படக் கூடாது, அதனால் பெரிய டாக்டர்கள் உட்காரும் குழு ஒவ்வொரு தாளையும் பார்க்கும் என்று தாதி விளக்கினார். அப்பாவுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. அந்தக் காலத்துத் தோட்டத்துப் பிறப்பு, யாரும் போய்ப் பதியவில்லை. ஆகையால் அப்பாவும் சித்தப்பாவும் நேரில் வந்து, நாங்கள் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள், பெயர் இன்ன காரணத்தால் வேறுபடுகிறது என்று சூராட் சும்பா எனப்படும் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குழு மூன்று வாரத்தில் கூடுகிறது. விட்டால் அடுத்தது எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"சூராட் சும்பா ஒண்ணுதானே, சுலபம்" என்று சிரித்து அனுப்பினார்.

லிஃப்டில் இறங்கும்போது சித்தப்பா மகள் கேட்டாள். "பெரியப்பா போடுவாராக்கா?"

முப்பத்தாறு வருடமாக அவர் தன் தம்பியிடம் பேசியதில்லை.

என் தம்பிக்கு நாற்பத்து நான்கு வயது. ஐந்து வருடமாக டயாலிசிஸ். இரண்டு கைகளிலும் ரத்தக்குழாய் அடைத்துப்போய், கழுத்து வழியாகக் குழாய் வைத்திருந்தார்கள். அதுவும் இரண்டு முறை சீழ் பிடித்தது. அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. எனக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, அம்மா இப்போது இல்லை. யாரும் மிச்சமில்லை என்று இருந்தபோதுதான் அவள் வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஈப்போவில் என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அதன் சட்டையோடேயே வந்திருந்தாள். எங்கேயோ பார்த்த முகம். டயாலிசிஸ் சென்டரில் என் தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த மனிதரின் மனைவி என்று பிறகுதான் பிடிபட்டது. அந்த மனிதர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"அக்கா, நான் உங்க சித்தப்பா மக" என்றாள்.

கதவின் கைப்பிடியை விடாமல் நின்றேன். சமையலறையில் என் மாமியார் இருந்தார்.

"அண்ணன் போர்டுல வாரிசுன்னு உங்கப்பா பேர் முழுசா எழுதி இருக்கும்ல, மொத நாளே பார்த்துட்டேன். அதுல எங்க தாத்தா பேரு. பின்னாடி பிள்ளைன்னு இருந்திச்சு. எங்கப்பா சொல்லியிருக்காரு, அதனால தெரியும். ரெண்டு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், சொல்லல. அண்ணே எனக்கு பிஸ்கட்லாம் குடுப்பாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கணும்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன்க்கா. நல்ல கிட்னின்னு சொன்னாங்க. அவருக்கு ரத்தம் சேரல. அண்ணனோடது என் குரூப்தான், சேரும்."

அவளை நான் உள்ளே கூப்பிடவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு வெளியே போய், ஒரு கடையில் உட்கார வைத்துத்தான் பேசினேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் செய்தேன்.

ஏன் என்று சொல்ல அப்பாவின் கதைக்குப் போக வேண்டும். தாப்பாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆற்றை ஒட்டிய கடைசி லயத்தில் பிறந்தவர் அவர். அந்தக் காலத்துத் தோட்டங்களில் எந்தச் சாதிக்கு எந்த வரிசை வீடு என்பது யாரும் எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசி லயத்தில் யாரை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அப்பா படித்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்து, பயிற்சிக்குப் போய், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர் ஆனார். பாகான் டத்தோ பக்கம், யாருக்கும் அவரைத் தெரியாத ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே அவர் 'டிரசர் பிள்ளை'. ஸ்டாஃப் வீடு, முன்னால் குரோட்டன் செடி, வேலைக்கு ஓர் அம்மா. அங்கே கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பலகாரத் தட்டு போகும், வரும். என் அம்மா அந்தப் பட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் பெயரைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் ஒருநாள், அரைக்கால் சட்டையும் ரப்பர் பால் கறை படிந்த பனியனுமாக ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டு மரவள்ளிக்கிழங்கு. அப்பா வாசலுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு உள்ளே திரும்பி அம்மாவிடம், "பழைய தோட்டத்து ஆளு. டீ குடு" என்றார். அம்மா, வெளி ஆட்களுக்கென்று பின்பக்கம் வைத்திருந்த தகரக் குவளையில் டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் படியில் உட்கார்ந்து குடித்தார். குடித்துவிட்டுக் குழாயடியில் குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என் சித்தப்பா என்று எனக்குப் பதினேழு வயதில்தான் தெரிந்தது. தாத்தா இறந்தபோது அப்பா தனியாகப் போய், மீசையை எடுத்துவிட்டுத் திரும்பினார். நண்பரின் அப்பா என்றார். நண்பரின் அப்பாவுக்கு யாராவது மீசை எடுப்பார்களா என்று அம்மாவை நச்சரித்தேன். அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். அவருக்கே கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம். "அந்தக் குவளை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஏழு வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர்களும் அதே பட்டம். என் மாமியார் என் அப்பாவின் பெயரைப் பத்திரிகையில் விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆகவே இந்தக் கதையில் மறைத்தவர் அப்பா மட்டும் இல்லை.

அப்பா என் தம்பி வீட்டில் இருந்தார். அந்தத் தாதியைப் பார்த்த அன்று மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே போனேன். அவளைப் பற்றி முன்பே தெரிந்த தம்பி டயாலிசிஸுக்குப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா மகள் என்று சொன்னதும் அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். சத்தியப் பிரமாணம் என்றதும் எழுந்துவிட்டார்.

"முடியாது."

"அப்பா, ஒரு கையெழுத்துதான்."

"என்னான்னு? நான் திருடிட்டேன்னா?"

"அப்படி யாரும் எழுத மாட்டாங்க."

"வேற எப்படி எழுதுவாங்க? அரசாங்கத் தாள்ல நானே எழுதிக் குடுக்கணும், எங்கப்பன் பேர்ல இருக்கிறது பொய்யின்னு. அப்பறம் நான் யாரு? நாப்பது வருஷம் நாலு தோட்டத்துல என்னைக் கும்பிட்டாங்க. உன் வீட்டுக்காரர் குடும்பம் என்னா சொல்லும்? அதை யோசிச்சியா?"

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

"வேற ஆள் கிடைக்கும். லிஸ்ட்ல பேர் இருக்கில்ல."

அந்த லிஸ்ட்டில் ஆட்கள் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள் என்று ஒரு டிரசருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன். அவர் மறுநாளுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"பதினேழு வயசுல."

"அப்போ நம்ம கல்யாணத்தப்போ தெரியும்."

"தெரியும்."

சட்டையை ஹேங்கரில் மாட்டினார். பிறகு, "தம்பிக்கு என்னா வேணுமோ செய். அம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. களைத்துப்போன குரலில் சொன்னார். அடுத்த சில நாட்கள் என்னிடம் வேண்டியதை மட்டும் பேசினார்.

குழு கூடுவதற்குப் பதினாறு நாள் இருந்தபோது தம்பிக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாயில் மூன்றாவது முறையாகச் சீழ். வார்டில் சேர்த்தார்கள். குழாயை எடுத்துத் தொடைவழியாக வேறொன்று வைத்தார்கள். இனி வைக்க இடம் அதிகமில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இவர் சரிப்பட மாட்டார், சித்தப்பாவிடமாவது முதலில் வாங்கி வைப்போம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகளோடு தாப்பாவுக்குக் கிளம்பினேன்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி இருபது நிமிடம். அவர்கள் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். எல்லையோரத்தில் நான்கைந்து பலகை வீடுகள் மிச்சம், அதில் ஒன்று சித்தப்பாவுடையது. அறுபது வயதுவரை அந்தச் செம்பனைக் குலைகளை வெட்டியவர். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என் அப்பாவின் மூக்கு, என் அப்பாவின் காது.

"வாங்க" என்றார். அண்ணன் மகளை நீங்கள் என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தாளைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும். இவ சொன்னா. நான் போட மாட்டேன்."

சித்தப்பா மகள் எழுந்தாள். "அப்பா!"

"நீ சும்மா இரு. இவளுக்கு அம்மா இல்ல. புருஷனும் போய்ட்டான். எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான். அவரு என்னைத் தம்பின்னு சொல்ல மாட்டாரு, எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போனப்ப ஒரு வார்த்தை பேசல. இப்ப என் மக உடம்பை அறுத்துக் கேக்குறீங்க. எப்படிங்க கேக்க முடியுது உங்களுக்கு?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். யார் சார்பில் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். கிளம்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது தாதி கேட்ட கேள்விதான் என் வாயில் வந்தது.

"சித்தப்பா, அந்தப் பேரு அவருக்கு எங்கேர்ந்து வந்திச்சு?"

அவரைச் சித்தப்பா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கேர்ந்து வந்திச்சுன்னு அவரு சொல்லலியா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். மூன்றாம் வகுப்புவரைதான், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். லயத்து ஆட்கள் ஊருக்குக் கடுதாசி போட அவரிடம்தான் வருவார்கள். அந்தத் தோட்டத்தில் பிள்ளை என்று இருந்தவர் ஒருவர்தான், ஆபீஸ் கிராணி. கணக்கும் எழுத்தும் அவரிடம், அந்தப் பட்டமும் அவரிடம். லயத்து ஆட்கள் விளையாட்டாகத் தாத்தாவை, "நம்ம லயத்துக்கும் ஒரு பிள்ளை இருக்காரு" என்று சொல்லத் தொடங்கினார்கள். கேலி பாதி, பெருமை பாதி. அது கிராணி காதுக்குப் போயிற்று.

"ஒருநாள் காலையில பெரட்டுல, எல்லாரும் பேர் குடுக்க வரிசையா நிக்கிறாங்க. எங்கப்பாவை முன்னால கூப்பிட்டான். 'நீதானாடா பிள்ளை?'ன்னு கேட்டான். எங்கப்பா தலை குனிஞ்சு நின்னாரு. 'சொல்லு, நான் பிள்ளை இல்லைன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு'ன்னான். சொன்னாரு. மூணு தடவை சொல்ல வெச்சான். அப்பறம் மலை மேல மரம் வெட்டுற நெறைக்கு மாத்திட்டான், ஏறி ஏறி முட்டி போச்சு எங்கப்பாவுக்கு. அதுக்கப்பறம் அவரு யாருக்கும் கடுதாசி எழுதல. அந்தப் பேரை வீட்ல யாரும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அந்தப் பேரைத்தான் உங்கப்பா எடுத்துப் பின்னால ஒட்டிக்கிட்டாரு. மினுக்குறதுக்கு."

திரும்பும் வழியில் சித்தப்பா மகள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். சிம்பாங் பூலாய் தாண்டியபோது, "அப்பா என்னா சொன்னாலும் நான் குடுக்கத்தான் போறேன்க்கா. என் உடம்புதானே லா" என்றாள். ஆனால் அவர் கையெழுத்தில்லாமல் அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் வார்டுக்கு வெளியே அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சித்தப்பா சொன்னதை ஒரு வரி விடாமல் சொன்னேன். மூன்று தடவை என்று சொன்ன இடத்தில் அப்பா கண்ணை மூடினார்.

"அவனுக்கு அப்ப எட்டு வயசு. அவன் பெரட்டுக்கு வரல, யாரோ சொல்லித்தான் தெரியும்" என்றார். "நான் இருந்தேன். அம்மா வாளியைத் தூக்கிட்டுப் பின்னால நின்னேன்."

அப்பா கண்ணாடிக்கு அப்பால் தம்பியைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"அந்த வருஷம்தான் ஐசி எடுக்க ஆபீசருங்க தோட்டத்துக்கு வந்தாங்க. எனக்குப் பன்னிரண்டு வயசு. ஆபீஸ்ல வரிசை. மலாய்க்கார ஆபீசர் எழுதுறாரு, கிராணி பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொருத்தனா விளக்கிச் சொல்றான். எங்கப்பா மலையில இருக்காரு, வரல. என் முறை வந்திச்சு. அப்பா பேரு என்னான்னு ஆபீசர் கேட்டாரு. கிராணி வாயைத் திறக்குறதுக்குள்ள நானே மலாய்ல சொன்னேன். பேரைச் சொல்லி, பிள்ளைன்னும் சொன்னேன். கிராணி தலையைத் தூக்கிப் பார்த்தான். துரை பின்னால நிக்கிறாரு, இவனால ஒண்ணும் பேச முடியல. ஆபீசர் எழுதிட்டாரு. நான் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நின்னேன்."

எழுபத்தாறு வயதில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போய் எங்கப்பாகிட்டச் சொன்னேன். சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன். அடிக்கல. மூணு நாள் என்கூடப் பேசல. நாலு வருஷம் கழிச்சு என் தம்பிக்கு எடுக்கறப்ப அவரே கூட வந்து நின்னு, தன் பேரை மட்டும் குடுத்தாரு."

"அப்பறம் ஏம்ப்பா சித்தப்பாவைப் பழைய தோட்டத்து ஆளுன்னு சொன்னீங்க?"

"டிரசர் வேலைக்குப் போனப்ப அங்க இருந்த கிராணிங்களே அந்தப் பேரைப் பார்த்துட்டுக் கைகுடுத்தாங்க, வீட்ல கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. மொத நாள் சொல்லல. அப்பறம் சொல்ல முடியல. அவன் வந்தா தெரிஞ்சிரும்."

அதற்கு மேல் விளக்கவில்லை. நியாயம் சொல்லவும் இல்லை. கிராணிக்கு எதிராக எடுத்த பெயர்தான். பிறகு கிராணி மாதிரியே அவரும் ஒருவரை வெளியே உட்கார வைத்தார். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

அங்கிருந்து வராந்தாவுக்குப் போய்ச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா சொன்னதைச் சொன்னேன். மறுமுனையில் கோழி கூவும் சத்தம் மட்டும் கேட்டது.

"கிராணிக்கு முன்னாலயா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"எனக்கு இது தெரியாது." சூ என்று கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. "நீ எப்ப வரச் சொல்றியோ வாரேன். அதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காத."

நீ என்றார். அதைக் கேட்டதும் அங்கேயே சுவரோரம் நின்று அழுதுவிட்டேன்.

அப்பா அதற்குப் பிறகும் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாலாம் நாள் காலை என் வீட்டு கேட்டில் அப்பாவின் டாக்சி நின்றது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, வேலைக்குப் போகும் நாட்களில் உடுத்துவதுபோல. "போலாம்" என்றார்.

சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகம் ஈப்போ பழைய நகரத்தில், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடி. ஆணையர் தமிழ் முஸ்லிம் பெரியவர், எல்லாரும் 'நானா' என்று கூப்பிடுபவர். நான் போன் செய்து சொல்லியிருந்ததால் சித்தப்பாவும் மகளும் எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா படியேறி மூச்சு வாங்கி நின்றார். சித்தப்பா எழுந்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஆணையர் தட்டச்சு செய்த தாளை மலாயில் வாசித்து, தமிழிலும் விளக்கினார். "உங்க அட்டையில உள்ள பிள்ளைங்கிற பேரு உண்மையல்ல, அப்படின்னு எழுதியிருக்கு. சரிதானே?"

அப்பா பேனாவைக் கையில் எடுத்திருந்தார். கீழே வைத்துவிட்டார்.

"உண்மையல்லன்னு நான் போட மாட்டேன்."

"அப்பா!" என்றேன். குழு கூட எட்டு நாள்தான் இருந்தது.

"போட மாட்டேன்மா. நான் பொய் சொல்லிப் பதியல. நான் ஏன் சொன்னேன்னு இந்தத் தாளுக்குத் தெரியாது."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். சித்தப்பா மகள் என் முழங்கையைப் பிடித்தாள். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது சித்தப்பா பேசினார், அண்ணனைப் பார்க்காமல், ஆணையரைப் பார்த்து.

"நானா, பொய்யின்னு எழுத வேணாம். கூட்டிப் போட்டதுன்னு எழுதுங்க. எங்கப்பா பேரோட எங்க அண்ணன் கூட்டிப் போட்டது. அதான் நடந்தது."

ஆணையர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டிப் போட்டது" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அந்த வரியை மாற்றி அடித்துக்கொண்டு வந்தார். அப்பா அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். சித்தப்பா போட்டார். சித்தப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

கீழே இறங்கியதும் சித்தப்பா நிற்காமல் பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன். அப்பா கூப்பிடவில்லை. அவருக்கு வாய் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குழு ஒப்புக்கொண்டது. கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். போவதற்கு முந்தைய நாள் நான் என் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். கணவர் சொல்ல வேண்டாம் என்றதை மீறித்தான். சித்தப்பா மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து என் வீட்டில்தான் ஒரு மாதம் இருக்கப் போகிறாள். அவள் யார் என்று மறைத்து, மறுபடி ஒருத்தரை என் வீட்டு வாசலில் உட்கார வைக்க என்னால் முடியாது.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

"இருபத்தொன்பது வருஷம் உன் கையால சாப்பிட்டிருக்கேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திட்டவில்லை. கீரையை முடித்துவிட்டுத் தன் மகளுக்குப் போன் செய்தார். மறுநாள் நாத்தனார் கிள்ளானிலிருந்து வந்து அவரைக் கூட்டிப்போனார்.

சிறுநீரகம் இரண்டாம் நாளே வேலை செய்யத் தொடங்கியது. ஐந்து வருடம் கழித்துத் தம்பிக்குச் சிறுநீர் வந்தது. பையில் மஞ்சளாக இறங்குவதைப் பார்த்து அவன் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். சித்தப்பா மகளுக்குத்தான் வலி அதிகம், காய்ச்சலும் வந்தது. மூன்று நாள் பயந்தே கிடந்தோம். அப்பா அவள் படுக்கைக்குப் போய்ச் சார்ட்டைப் படித்தார், தாதியிடம் என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டார். அவள், "பெரியப்பா, உட்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "தண்ணி குடிக்கிறியா?" என்று பெயரில்லாமல் கேட்டார்.

சித்தப்பா தினமும் வந்தார். அப்பா இருக்கும் நேரத்தில் அவர் வராந்தாவில் நிற்பார். அவர் இருக்கும் நேரத்தில் அப்பா என் தம்பியின் வார்டுக்குப் போய்விடுவார். இப்போதும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை. போன மாதம் சித்தப்பாவுக்கு இருமல் என்று கேள்விப்பட்டதும் அப்பா ஒரு தாளில் மருந்துப் பெயர்களை எழுதி என்னிடம் கொடுத்து அனுப்பினார். சித்தப்பா அதை வாங்கிப் படித்தார், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வாங்கிச் சாப்பிட்டாரா தெரியாது.

அப்பாவின் ஐசியில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. மாற்றவா என்று தம்பி கேட்டான். இந்த வயதில் எதற்கு என்றுவிட்டார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இன்னமும் "மிஸ்டர் பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார், அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார்.

என் மாமியார் இன்னும் கிள்ளானில்தான். கணவர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. சித்தப்பா மகள் எங்கள் வீட்டில் இருந்த ஒரு மாதமும் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். மாமியார் போன வாரம் அவருக்குப் போன் செய்தபோது, என் தம்பிக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாராம். கொடுத்த பெண் வேலைக்குப் போகிறாளா என்றும் கேட்டாராம். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. கணவரும் சொல்லவில்லை.